குடியிருந்தவரைக் கேட்காத குத்தகை

மன்னார் முருங்கனில் கேட்டுப் பேசி முடிவெடுப்பது பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு முன்பு கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு முதலில் திறப்பது என்று கமக்காரர் வாதாடித்தான் முடிவெடுப்பார்கள். 2025 மே 22இல் பிரிட்டனும் மொரீசியசும் இந்து சமுத்திரத்தின் சாகோஸ் தீவுகளுக்காகக் கையெழுத்திட்ட குத்தகையில் அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு இந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

அந்த ஒப்பந்தப்படி தீவுகளின் இறைமை மொரீசியசுக்கு. தியாகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுகளுக்கு பிரிட்டன் கையில். ஆண்டுக்குச் சராசரி 101 மில்லியன் பவுண். அங்குள்ள அமெரிக்க இராணுவத் தளம் அசையாது. அந்தத் தளத்துக்காகத்தான் 1968க்கும் 1973க்கும் இடையில் தீவு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2004இல் பிரிட்டன் அந்தத் தீவுகளுக்கு எழுதிய அரசியலமைப்புக் கட்டளையோ, அங்கே குடியிருக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றே சொன்னது. 2008இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 3க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்றது. குடிமக்களே இல்லாத அரசியலமைப்பு! புதிய ஒப்பந்தத்திலும் மற்றத் தீவுகளில் குடியேற்றலாம். தியாகோ கார்சியாவுக்குத் திரும்ப வழியில்லை.

இது நமக்குத் தொலைதூரக் கதையல்ல. 2021 ஒக்டோபரில் கடலில் தத்தளித்த படகிலிருந்த தமிழர்களைக் கொண்டுபோய் இறக்கியது அங்கேதான். கூடாரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்ததாக 2024 டிசெம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

பாதுகாப்புத் தளத்துக்குள் ஊர் வைக்க முடியாது என்பார்கள் சிலர். இருக்கட்டும். முத்துச் சிப்பி எந்தத் தளத்தைக் காத்தது? மன்னார்க் கடலின் முத்துப் பார்களை 1906இல் குடியேற்ற அரசு ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆண்டு வாடகை 310,000 ரூபா. பார் வெறுமையானது, தவணை முடியுமுன்பே கம்பனியும் கலைந்தது. சம்மாட்டியையோ முத்துக்குளித்த தொழிலாளியையோ யாரும் கேட்கவில்லை.

2025இல் காற்றாலைக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார்த் தீவு மக்கள் வீதிக்கு வந்ததும் ‘எங்களைக் கேட்டீர்களா’ என்ற கேள்வியோடுதான். தவணை எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் பிறகு பேசலாம். நிலமோ கடலோ கைமாறுமுன் அங்கே வாழ்கிறவர்களின் சம்மதத்தைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் திறக்கவே கூட்டம் கூட்டுகிற நாட்டில் இது பெரிய கோரிக்கையல்ல.