தண்ணீருக்குள் முளைக்கும் நெல்

அருவியாற்றுத் தண்ணீர் தேக்கம் அணையில் திரும்பிக் கட்டுக்கரைக் குளத்துக்கு வருகிறது. அந்தக் குளத்தை நம்பி விதைக்கும் நானாட்டான், முருங்கன் பக்கத்து வயல்களுக்கு விதைநெல்லை ஒரு நாள் ஊறவிட்டு, எடுத்துச் சாக்கால் மூடி வைத்தால், ஒன்றிரண்டு நாளில் உள்ளே கைவைக்கச் சூடு தெரியும். காற்றுப் போகாத நடுப்பகுதியில் மெல்லிய புளித்த வாடையும் வரும். இரண்டும் கலங்களுக்குள் நொதியங்கள் வேலை செய்வதன் அடையாளம். முதல் வேலை அமைலேசு என்ற நொதியத்துடையது: அரிசியின் மாப்பொருளை வெட்டிச் சர்க்கரையாக்குவது. ஒட்சிசன் இல்லாத தண்ணீருக்குள் கோதுமையும் பார்லியும் இந்த நொதியத்தைச் சரிவர ஆக்கமாட்டா. களஞ்சியம் நிறைந்திருந்தும் பட்டினி கிடக்கும். நெல் அங்கேயும் ஆக்கிவிடும். முளைக்கும் நாளில் நெல்லின் பெரிய பலம் இதுதான் என்பேன்.

சர்க்கரை கிடைத்தபின் பாதை பிரிகிறது. ஒட்சிசன் இருந்தால் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து கலத்துக்கு ஏறத்தாழ 30 ஏ.ரி.பி. என்னும் சக்தி மூலக்கூறுகள் கிடைக்கும். இல்லாவிட்டால் குளுக்கோசு உடைந்து வரும் பைருவேற்று மதுசாரமாகி, கிடைப்பது 2 மட்டுமே. சக்தியில் பெரும்பகுதி மதுசாரத்தோடு போய்விடுகிறதே, இது நட்டமில்லையா என்று கேட்பது நியாயந்தான். ஆனால் மதுசாரமாகும் படி சக்திக்காக நடப்பதன்று. குளுக்கோசு உடையும்போது கழலும் ஐதரசனை என்.ஏ.டி. என்னும் காவி ஏற்றிக்கொள்கிறது. கலத்தில் அது கொஞ்சமே உண்டு. சுமையை இறக்கினால்தான் அடுத்த நடை போகலாம். ஒட்சிசன் இல்லாதபோது அந்தச் சுமையை வாங்கி மதுசாரமாவது பைருவேற்றிலிருந்து வரும் அசற்றல்டிகைட்டு. இந்தப் படி நின்றால் அந்த 2-உம் நின்றுவிடும். லற்றிக் அமிலமாக்கியும் இறக்கலாம். ஆனால் அமிலம் தேங்கிக் கலத்தைக் கெடுக்கும், மதுசாரமோ வெளியே கசிந்து போய்விடும்.

அப்படியானால் முளைநெல் விதைத்த வயலில் தண்ணீரை ஏன் வடிக்க வேண்டும்? இந்தச் சிறு வருமானத்தில் நெல் வெள்ளைக் குருத்தை மட்டுமே நீட்டும், வேர் ஓடாது. குருத்தின் நுனி காற்றைத் தொட்டால் அதன் வழியே ஒட்சிசன் இறங்கி வேர் பிடிக்கும். தொடாவிட்டால் கையிருப்புத் தீர்ந்து முளை அழுகும். எல்லா இரகமும் ஒரேயளவு தாக்குப்பிடிப்பதுமில்லை. ஆகவே விதைத்த கையோடு மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் கட்டினால், அன்றைக்கே வரம்பை வெட்டி வடியவிடுங்கள்.