வெந்நீரும் எண்ணெயும் வேண்டா

நம் அன்பர் இல்லங்கள் சிலவற்றில் ‘மல்டிபிள் ஸ்க்ளிரோஸிஸ்’ நோயுற்றோர் உளர். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையை உடலின் காவற்படையே சிதைப்பது இந்நோய். 1868-ல் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ இதனைத் தெளிவுற விளக்கினார்.

கைகால்களை மென்மையாகப் பிடித்துவிட்டால் சிலருக்கு விறைப்பும் வலியும் தணிகின்றன, மனமும் அமைதியுறுகிறது. எனினும் நோயின் போக்கை அது மாற்றாது. ஆகவே மருந்தை நிறுத்தலாகாது.

ஊரிலிருந்து நாம் கொணர்ந்த பழக்கம், சூடான எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டுவது. இங்கே அது தீங்காகலாம். உடற்சூடு ஏறினால் பார்வை மங்கலும் தளர்ச்சியும் தற்காலிகமாக மிகும். மரத்த தோல் சூட்டையும் அழுத்தத்தையும் உணராது. ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்டவர்க்கு எலும்பு மெலிந்திருக்கவும் கூடும்.

எனவே முதலில் மருத்துவரைக் கேட்போம். பின்னர், “வலிக்கிறதா?” என்று நோயாளியையே கேட்டுக் கேட்டு, இதமாகத் தொடுவோம்.