குதிரைத்திறன் கூடினால் ஓட்டும் சுகம் கூடுமா?

பிரிட்டனில் கார் ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களிடையே பல ஆண்டுகளாகத் தீராத விவாதம் ஒன்று உண்டு. குடும்பத்தோடு போகக்கூடிய, டர்போ எஞ்சின் வைத்த புதிய ஹாட் ஹேட்ச்பேக் வாங்குவதா, இரண்டே இருக்கைகளும் துணிக் கூரையும் கொண்ட பழைய ரோட்ஸ்டரைத் தேடிப் பிடிப்பதா என்பதே அது. முதல் வகைக்கு ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயின் எட்டாம் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 2020இல் வெளிவந்தபோது அதன் எஞ்சின் 245 குதிரைத்திறன் கொண்டது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட ஆறு விநாடிக்குச் சற்று மேல் போதும். இரண்டாம் வகைக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரில் 1.6 லிட்டர் எஞ்சின். ஏறத்தாழ 115 குதிரைத்திறன். அதே 100 கி.மீ. வேகத்துக்கு ஒன்பது விநாடியை ஒட்டிப் பிடிக்கும். காகிதத்தில் இது போட்டியே இல்லை. ஆனால் ஓட்டும் சுகம் என்று வரும்போது காகிதத்தில் தோற்ற கார்தான் ஜெயிக்கிறது என்பது என் வாதம். பழைய பொருள்மீது இருக்கும் பாசத்தால் இதைச் சொல்லவில்லை. நிறை, உராய்வு, மனிதனின் கண், காது ஆகியவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்த அறிவியலே இந்த முடிவுக்குக் கொண்டுபோகிறது.

முதலில் நிறை. அந்த எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் குறைவு, சுமார் 960 கிலோ. ஜிடிஐ சுமார் 1,460 கிலோ. இந்த 500 கிலோ வித்தியாசத்தை நேர்ச்சாலையில் பெரிய எஞ்சின் மறைத்துவிடும். வளைவில் மறைக்க முடியாது. ஒரே வேகத்தில் ஒரே வளைவைத் திரும்ப, ஜிடிஐயின் டயர்கள் ஒன்றரை மடங்கு பக்கவாட்டு விசையைத் தாங்கியாக வேண்டும். அதனால்தான் அதற்கு 225 மி.மீ. அகல டயர், எம்எக்ஸ்-5க்கு 185 மி.மீ. போதுமாக இருந்தது. நிறை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஜிடிஐயின் எஞ்சின் குறுக்குவாட்டில், முன் அச்சை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. காரின் எடையில் சுமார் 60 சதவீதம் முன் சக்கரங்கள்மீது விழுகிறது. எம்எக்ஸ்-5இன் எஞ்சினோ முன் அச்சுக்குப் பின்னே, ஓட்டுபவரின் கால்களை நெருங்கி இருக்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதி. கனமான பகுதிகள் நடுவில் திரண்டிருக்கும் பொருளைத் திருப்புவது எளிது, ஓரங்களில் பரவியிருப்பதைத் திருப்புவது கடினம் என்பது சுழல் இயக்கத்தின் அடிப்படை விதி. ஸ்டீயரிங்கை அசைத்த மாத்திரத்தில் எம்எக்ஸ்-5 திரும்பத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது, எந்தச் சக்கரம் எந்த வேலையைச் செய்கிறது என்பது. டயர் தரையைப் பற்றும் திறனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. காரை முன்னே தள்ளுவதற்கும் பக்கவாட்டில் திருப்புவதற்கும் சேர்த்து அந்த ஒரே வரம்புதான். தள்ளுவதற்கு அதில் 80 சதவீதத்தைச் செலவிட்டால் திருப்புவதற்கு மிஞ்சுவது 60 சதவீதம். இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் பித்தாகரஸ் தேற்றப்படிதான் கணக்கு. முழுக்கத் தள்ளினால் திருப்ப எதுவுமே மிஞ்சாது. ஜிடிஐயில் இந்த இரண்டு வேலையும் முன் சக்கரங்கள் தலையிலேயே விழுகின்றன. போதாததற்கு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது காரின் சுமை பின்பக்கம் சாய்கிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், புவியீர்ப்பு முடுக்கத்தில் 40 சதவீத அளவுக்குக் கார் முடுக்கம் பெறுவதாகவும் வைத்துக்கொண்டு கணக்கிட்டால், சுமார் 120 கிலோ எடைக்குச் சமமான சுமை முன் சக்கரங்களை விட்டுப் பின் சக்கரங்களுக்குப் போகிறது. அதாவது, பிடிப்பு அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்து முன் டயர்களின் பிடிப்பு குறைகிறது. பின் சக்கரங்கள் தள்ளும் எம்எக்ஸ்-5இல் நிலைமை நேர் எதிர்: சுமை எங்கே போகிறதோ அங்கேதான் விசையும் செலுத்தப்படுகிறது. முன் சக்கரங்கள் திருப்பும் வேலையை மட்டும் பார்த்துக்கொள்கின்றன. கியர்பாக்ஸையும் பின்புற டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் மாஸ்டா இணைத்திருந்தது. அதனால் கால் அசைந்ததும் தளர்ச்சி ஏதுமின்றிப் பின் சக்கரம் பதில் சொல்கிறது.

பொறியாளர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முன் சக்கரங்களாலேயே இழுக்கப்படும் ஹோண்டா சிவிக் டைப் ஆர், 320 குதிரைத்திறனோடு 2017இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 43.80 விநாடியில் சுற்றியது. சஸ்பென்ஷனின் திருப்பு அச்சைத் தனியே பிரித்தமைத்ததும், இரு சக்கரங்களுக்கும் இடையே விசையைப் பகிர்ந்துவிடும் டிஃபரென்ஷியலும் அதைச் சாத்தியமாக்கின. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி போன்ற சிறிய கார்களிலும் அத்தகைய டிஃபரென்ஷியல் கிடைத்தது. எந்தக் கார் வேகமானது என்பதே கேள்வியானால் வழக்கு இங்கேயே முடிந்துவிடும், ஹேட்ச்பேக்தான். ஆனால் நூர்பர்க்ரிங் பந்தயத் தடம். பிரிட்டனில் ஊர்களுக்கு இடையே வளைந்து செல்லும் ஒற்றைச் சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 60 மைல், ஏறத்தாழ 96 கி.மீ. ஜிடிஐ அதை ஆறு விநாடியில் எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு எஞ்சினிடம் மிச்சமிருக்கும் திறனைச் சட்டத்தை மீறாமல் பயன்படுத்த வழியே இல்லை. எம்எக்ஸ்-5இன் இரண்டாம் கியர் மட்டுமே, எஞ்சினை நிமிடத்துக்கு 7,000 சுழற்சி வரை விரட்டினால், 90 கி.மீ.யைத் தாண்டும்; ஒரு எஞ்சினின் முழு வீச்சையும் சட்டத்துக்கு உட்பட்டே அனுபவித்துவிடலாம்.

எஞ்சினின் குணமும் இதில் சேர்கிறது. ஜிடிஐயின் டர்போ எஞ்சின் 1,600 சுழற்சியிலேயே 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முழுதாகக் கொடுத்துவிடுகிறது. 4,300 வரை அது மாறுவதில்லை. எந்த கியரில் இருந்தாலும் மிதித்தால் போகும். அவசரமாக ஊர் போய்ச் சேர வேண்டியவருக்கு இது வரப்பிரசாதம். எம்எக்ஸ்-5இன் உச்ச முறுக்குவிசை 136 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 5,500 சுழற்சியில்தான் வரும். வளைவுக்கு முன்பே சரியான கியரைத் தேர்ந்து, எஞ்சினைத் தயாராக வைத்திராவிட்டால் கார் தூங்கும். சரியாகச் செய்தால் அந்தச் சிறு வெற்றி ஓட்டுபவருடையது. திறமைக்குக் கூலி கிடைக்கிற இடத்தில்தான் எந்தக் கலையிலும் சுகம் பிறக்கிறது.

இனி புலன்களுக்கு வருவோம். என் பார்வையில் வாதத்தின் உயிர்நாடி இதுதான். நாம் வேகத்தை நேரடியாக உணர்வதில்லை. சீரான வேகத்தில் போகும் உடலுக்கு நின்றிருப்பதற்கும் போவதற்கும் வேறுபாடு தெரியாது. தரை கண்முன் எவ்வளவு விரைவாக நகர்கிறது, காற்றும் டயரும் எவ்வளவு இரைகின்றன என்பதை வைத்து மூளை வேகத்தை ஊகிக்கிறது. தரை நகர்வதாகத் தோன்றும் வேகம், காரின் வேகத்தைக் கண்ணின் உயரத்தால் வகுத்தால் வருவது. கண் உயரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்தத் தோற்ற வேகம் கால் பங்கு கூடும். ரோட்ஸ்டரில் ஓட்டுபவர் கிட்டத்தட்டத் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே கூரையும் இல்லை. ஒலி குறைந்தால் ஓட்டுநர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதும் ஆய்வுகளில் நிறுவப்பட்ட விஷயம். நவீன ஹேட்ச்பேக்கில் தடித்த கண்ணாடி, அடைப்பு ரப்பர், ஒலி உறிஞ்சும் விரிப்பு எல்லாம் சேர்ந்து 95 கி.மீ. வேகத்தை 70 கி.மீ. போலக் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ரோட்ஸ்டரில் 70லேயே நெஞ்சு படபடக்கிறது. இது வெறும் மாயைதானே என்று ஒதுக்க வேண்டாம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 70 கி.மீ.யில் போகும் 960 கிலோ காரிடம் இருக்கும் ஆற்றல், 95 கி.மீ.யில் போகும் 1,460 கிலோ காரிடம் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அதே சிலிர்ப்புக்கு எதிரே வருபவரும் சாலையோரம் நடப்பவரும் ஏற்க வேண்டிய ஆபத்து அந்த அளவுக்குக் குறைகிறது.

இதை ஹேட்ச்பேக் என்ற வடிவத்தின் மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1975இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட முதல் ஜிடிஐ 810 கிலோதான், 110 குதிரைத்திறன். 5,000 கார்கள் விற்றால் போதும் என்ற எண்ணத்தில் தொடங்கி, லட்சக்கணக்கில் விற்றது. எம்எக்ஸ்-5ஐ விடவும் இலகுவான அந்தக் கார் எதனால் கொண்டாடப்பட்டதோ, அதே குணத்தைத்தான் 1979இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் பாப் ஹால் மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம் கேட்டார்: விலை மலிந்த, எடை குறைந்த ரோட்ஸ்டர். எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்கள் அந்திமக் காலத்தில் இருந்த நேரம் அது. எம்ஜிபியின் உற்பத்தி அடுத்த ஆண்டே நின்றது. திட்டத் தலைவர் தோஷிஹிகோ ஹிராயின் குழு, 1962ஆம் ஆண்டு லோட்டஸ் எலானின் குணத்தை மனத்தில் வைத்துக் கிராம் கிராமாக எடையைக் குறைத்தது. ஆகவே நாம் ஒப்பிடுவது இரண்டு வடிவங்களை அல்ல, இரண்டு காலங்களை. நடுவே கார்கள் ஏன் பெருத்தன?

பெருத்ததற்குப் பெரும் காரணம் உயிர்ப் பாதுகாப்பு என்பதால், ரோட்ஸ்டர் பக்கம் நிற்பவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய தடை இதுதான். சறுக்கும் காரைத் தானே நேர்செய்யும் மின்னணு நிலைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. ஒரே ஒரு வாகனம் தறிகெட்டு நேரும் உயிர்ப்பலி விபத்துகளை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக அமெரிக்கத் தரவுகள் காட்டின. எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையில் அது கிடையாது. பிரிட்டனில் விற்ற தொடக்கக் கார்களில் ஏர்பேக்கும் இல்லை. கவிழ்ந்தால் தலையைக் காக்க இரும்புக் கூரையும் இல்லை. தன்னைப் போல இரு மடங்கு நிறையுள்ள வாகனத்தோடு மோதினால், உந்த அழிவின்மை விதிப்படி, அதற்கு ஏற்படுவதைவிட இரு மடங்கு வேக மாற்றம் இலகுவான காருக்கு ஏற்படும். இந்த உண்மைகளை ஆற்றல் கணக்கு எதுவும் அழித்துவிடாது. தினமும் மோட்டார்வேயில் லாரிகளுக்கு நடுவே, மழையிலும் உறைபனியிலும் போக வேண்டியவருக்கு இந்தக் கார் தகாது என்று தயங்காமல் சொல்வேன். வெயில் நாளில், நெரிசலற்ற சாலையில், மிதமான வேகத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர் ஏற்கும் ஆபத்து வேறு. அதைத் தெரிந்து ஏற்பது மோட்டார்சைக்கிள் ஓட்டுபவரின் முடிவைவிடத் துணிச்சலானது அல்ல.

இன்னொரு தடை, கூரை இல்லாத உடலின் பலவீனம். மூடியைக் கழற்றிய அட்டைப் பெட்டியைக் கையில் முறுக்கிப் பார்த்தால் புரியும். குழியில் இறங்கும்போது முன் கண்ணாடிச் சட்டமும் டேஷ்போர்டும் லேசாக நடுங்கும். நிஜமான குறைதான், ஆனால் எடை குறைவாகவும் சஸ்பென்ஷன் மென்மையாகவும் இருப்பதால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் காருக்கு டர்போவும் விறைத்த ஸ்பிரிங்கும் மாட்டுபவர்கள்தான் அந்தக் குறையைப் பெரிதாக்குகிறார்கள். காரை வாங்கிய காரணத்தையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

உண்மையான எதிரி துரு. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். எம்எக்ஸ்-5இல் துரு உள்ளிருந்தும் வரும். துணிக் கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னே இரு பக்கமும் உள்ள வடிகால் குழாய்கள் வழியே கீழே இறங்குகிறது. இலையும் தூசியும் அந்தக் குழாயை அடைத்தால், நீர் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புப் பகுதிக்குள் தேங்கி, பின் சக்கர வளைவுக்குச் சற்று முன்னே தகட்டை அரித்துவிடும். வெளியே பெயின்ட் கொப்புளித்துத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

வீட்டுக்கு ஒரே கார்தான், அதில் குழந்தையும் ஏற வேண்டும் என்றால் ஹேட்ச்பேக்கை வாங்குங்கள். அந்த இடத்தில் வாதத்துக்கே இடமில்லை. அன்றாட வேலைக்கு வேறு வண்டி இருந்து, ஓட்டும் சுகத்துக்காகவே ஒன்று தேடினால் பழைய ரோட்ஸ்டர்தான் சரி. நல்ல நிலையில் உள்ளது புதிய ஜிடிஐ விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கும். லண்டனில் ஓட்டுவதானால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு மாசுக் கட்டணம் அந்தக் காருக்கு உண்டா என்று பதிவு எண்ணை இட்டுப் பாருங்கள். பதிவு எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் எம்ஓடி எனப்படும் வாகனத் தகுதிச் சோதனையின் பழைய முடிவுகளையும் இலவசமாகப் படிக்கலாம்; துரு என்ற சொல் எந்த ஆண்டு முதல் தலைகாட்டுகிறது என்று கவனியுங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். பத்து ஆண்டு பழைய டயரில் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். காரை மேலே தூக்கி அடிப்பக்கம் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், அதை வாங்காதீர்கள்.