விமானம் ரத்தா? கேட்டால்தான் கிடைக்கும்!

சாப்பாடு, ஓட்டல் அறை, நஷ்ட ஈடு: பிரயாணிக்கு என்னென்ன உரிமை?

2025-ம் ஆண்டு டிசம்பர் 5-ந்தேதி. இந்தியாவின் பெரிய விமான நிலையங்களில் எல்லாம் ஒரே கூட்டம், ஒரே கூச்சல்!

அந்த ஒரு நாளில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து ஆயின. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற விதி அதற்கு முந்திய மாதம் முழுமையாக அமலுக்கு வந்திருந்தது. நாட்டின் மிகப் பெரிய விமான கம்பெனி, அதற்கு வேண்டிய அளவு விமானிகளை ஏற்பாடு செய்து வைக்கவில்லை. அதனால் வந்த வினை அது.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், வைத்தியத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் மூட்டை முடிச்சுகளோடு தவித்தார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் பிரயாணிக்குச் சில உரிமைகள் உண்டு. மத்திய அரசின் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் 2010-ம் ஆண்டிலேயே இதற்கு விதி வகுத்தது. பிறகு அதைத் திருத்தி, தொகைகளை உயர்த்தியது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு விதி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஏன் தாமதம்?

"இங்கே வெயில் பளிச்சென்று அடிக்கிறதே, விமானம் ஏன் வரவில்லை?" என்று பலர் கேட்பது உண்டு.

ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் பறக்கிறது. காலையில் டெல்லியில் பனிமூட்டம் என்றால், அங்கிருந்து புறப்படும் விமானம் தாமதமாகச் சென்னைக்கு வருகிறது. அதே விமானம்தான் அடுத்து கோவைக்குப் போக வேண்டும். ஆகவே டெல்லிப் பனியின் பலனைக் கோவைப் பிரயாணி அனுபவிக்கிறார்! பொழுது ஏற ஏறத் தாமதமும் வளரும். அவசர காரியம் இருந்தால், காலையில் புறப்படும் முதல் விமானத்தில் டிக்கெட்டு வாங்குவது நல்லது.

சாப்பாடு உண்டு

விமானம் தாமதம் ஆனால் பிரயாணிகளுக்குக் கம்பெனி சிற்றுண்டியோ சாப்பாடோ கொடுக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் கழித்து? அது பிரயாண நேரத்தைப் பொறுத்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் விமானம் என்றால் 2 மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு. இரண்டரை முதல் 5 மணி நேரம் வரை பறக்கும் விமானம் என்றால் 3 மணி நேரத்துக்குப் பிறகு. அதற்கும் மேற்பட்ட தூரத்துக்கு 4 மணி நேரத்துக்குப் பிறகு.

தாமதம் 24 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓட்டல் அறையும், அங்கே போய் வர வண்டியும் கொடுக்க வேண்டும். இரவு 8 மணியில் இருந்து அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் என்றால், 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் ஆனாலே அறை உண்டு.

உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் ஆகும் என்றால், மாற்று விமானம் கேட்கலாம். அல்லது முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் பிரயாணிதான்.

நஷ்ட ஈடு எவ்வளவு?

வெறும் தாமதத்துக்கு இந்த விதிப்படி நஷ்ட ஈடு கிடையாது. ரத்து ஆனால் கணக்கு வேறு.

விமானம் ரத்து என்றால் மாற்று விமானமோ, டிக்கெட்டுப் பணமோ கொடுத்தே ஆக வேண்டும். புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாகவாவது சொல்லாவிட்டால், அதற்கு மேல் நஷ்ட ஈடும் உண்டு. ஒரு மணி நேரம் வரை உள்ள பிரயாணத்துக்கு ரூ.5 ஆயிரம், 2 மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10 ஆயிரம். இது உச்ச அளவு. டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

புயல் அடித்தால்?

2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி "மிக்ஜம்" புயல் மழையில் சென்னை விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று.

இப்படி இயற்கையின் சீற்றம், பாதுகாப்பு அபாயம் போன்ற, கம்பெனியின் கையில் இல்லாத காரணங்களுக்கு நஷ்ட ஈடு இல்லை. அப்போது தாமதத்துக்கான சாப்பாட்டையும் அறையையும்கூட விதி கட்டாயம் ஆக்கவில்லை. ஆனாலும் ரத்தான டிக்கெட்டின் பணம் உங்கள் பணம். அதை விட்டுவிடாதீர்கள்!

காரணம் என்ன என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது இதற்காகத்தான்.

பலர் ஏமாறும் இடங்கள்

முதலாவது, டெலிபோன் நம்பர். ஏஜெண்டு மூலம் டிக்கெட்டு வாங்கும்போது சிலர் ஏஜெண்டின் நம்பரையே கொடுத்துவிடுகிறார்கள். ரத்துச் செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. சரியான நம்பர் கொடுக்காதவர்களுக்கு நஷ்ட ஈடும் கிடையாது. குடும்பத்தில் ஒருவருடைய நம்பராவது டிக்கெட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது, அவசரம். விமானம் தாமதம் என்றதும் கோபத்தில் நீங்களே டிக்கெட்டை ரத்து செய்தால், கம்பெனி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். "ரத்து" என்பது அவர்கள் வாயில் இருந்து வரட்டும். அல்லது 6 மணி நேரத் தாமதம் என்று அவர்கள் சொல்லட்டும்.

மூன்றாவது, "பணத்தைக் கணக்கில் வைத்துக்கொள்கிறோம், அடுத்த பிரயாணத்துக்கு உதவும்" என்ற பேச்சு. விருப்பம் இருந்தால் சம்மதிக்கலாம். வேண்டாம் என்றால் பணமாகவே கேட்கலாம். ஏஜெண்டிடம் வாங்கிய டிக்கெட்டு ஆனாலும், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு விமான கம்பெனிக்கே உண்டு.

நான்காவது, தனித்தனி டிக்கெட்டு. மதுரையில் இருந்து சென்னை வந்து துபாய் போகிறவர், இரண்டுக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கினால், முதல் விமானத்தால் இரண்டாவது தவறினாலும் கம்பெனி பொறுப்பு ஏற்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால், இரண்டாவது டிக்கெட்டின் நஷ்டம் அவர் தலையில்தான் விழும்.

எங்கே முறையிடுவது?

விமான நிலையத்தில் சிப்பந்திகளிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. கவுண்டரில் இருப்பவர் விமானத்தை நிறுத்தியவர் அல்ல. விதியைச் சொல்லி, நிதானமாகக் கேளுங்கள். டிக்கெட்டு, போர்டிங் பாஸ், வந்த செய்தி, சொந்தச் செலவில் சாப்பிட்ட ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். பதில் சரி இல்லை என்றால், மத்திய அரசின் "ஏர்சேவா" மூலம் புகார் செய்யலாம். 1915 என்ற நம்பருக்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்திலும் யோசனை கேட்கலாம்.

அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த கட்டணம் ரூ.5 லட்சத்துக்குள் என்றால், வழக்குப் போடக் கட்டணம் ஒரு காசு கிடையாது.