சிறிய லேத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர்

மேசைமேல் வைத்து ஓட்டும் சிறிய லேத்தின் எடை 40 கிலோ அளவில் இருக்கும். சக்குக்கும் டெயில்ஸ்டாக்குக்கும் இடையே சுமார் 300 மி.மீ. இடைவெளி, பெட்டுக்கு மேல் 180 மி.மீ. விட்டம் வரை சுழலலாம். ஐதராபாத்தின் பாலாநகர், ஜீடிமெட்லா பட்டறைகளில் நிற்கும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட லேத்துகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சுழலும் உலோகத்தின் மீது கூரிய முனையை நகர்த்தித் தோலுரிப்பதுதான் அந்த வேலை. பெரிய லேத்தின் கனத்த வார்ப்பிரும்பு, வெட்டும் விசையைத் தாங்கி அசையாமல் நிற்கிறது. சிறிய லேத்தில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வளைகிறது. அந்த வளைவு எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பதே பொழுதுபோக்காக லேத் ஓட்டுபவரின் முதல் வேலை. விலை உயர்ந்த டூல் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 10 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பி சக்கிலிருந்து 50 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியை டூல் 100 நியூட்டன் விசையுடன், அதாவது பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டது போல, தள்ளுகிறது. நுனி 0.042 மி.மீ. விலகிக்கொடுக்கும். விட்டத்தில் பிழை அதன் இருமடங்கு. சக்குக்கு அருகே அளவு சரியாகவும் நுனியில் 0.08 மி.மீ. தடித்தும் வரும். நீட்டத்தை 30 மி.மீ. ஆகக் குறைத்தால் விலகல் 0.009 மி.மீ.தான். வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், இருபது மி.மீ. உள்ளே தள்ளிப் பிடித்ததிலேயே பிழையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் மறைந்துவிடுகிறது. செலவு ஒரு பைசா இல்லை. நீளமான வேலைக்கு டெயில்ஸ்டாக் சென்டரால் முட்டுக்கொடுப்பதும் இதற்காகத்தான்.

டூல் பக்கத்திலும் இதே விதிதான். டூல் போஸ்டிலிருந்து முனை எவ்வளவு குறைவாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் சிறிய லேத்தின் மெலிந்த இடம் டூலுக்கும் கீழே, கோணத்தில் திருப்பக்கூடிய காம்பவுண்ட் ஸ்லைடில் இருக்கிறது. குறுகிய தடத்தில் ஓடும் சிறு கட்டை அது. டேப்பர், அதாவது கூம்பு வடிவம், கடையும்போதுதான் அது முக்கியமாகத் தேவை. அதைக் கழற்றிவிட்டு, அதே உயரத்துக்கு ஒரு திடமான எஃகுக் கட்டையைப் பொருத்தி, அதன் மேல் டூல் போஸ்டை வைத்தால், பார்ட்டிங் செய்யும்போது, அதாவது துண்டித்து எடுக்கும்போது, எழும் அந்தக் கீச்சென்ற அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். சிறிய லேத்தில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

ஸ்லைடுகளின் ஆட்டத்தைக் கிப் என்ற ஒடுங்கிய பட்டை கட்டுப்படுத்துகிறது. பக்கவாட்டில் வரிசையாக மூன்று நான்கு சிறு திருகுகள் அதை அழுத்தும். ஆலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஒன்று இறுகியும் அடுத்தது தளர்ந்தும் இருக்கும். லாக் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்லைடை நகர்த்திக்கொண்டே ஒவ்வொரு திருகாகக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்க வேண்டும். கைப்பிடி எங்கும் ஒரே சீராக, லேசான பிடிப்புடன் சுழன்றால் சரி. லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து திரும்பிவிடும். அதனால் ஆலன் சாவியால் திருகைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குவது வழக்கம்.

டூல் விஷயத்தில் பலரும் ஏமாறுவது கார்பைடு டிப்பில்தான். உற்பத்தி லேத்துக்கான டிப்பின் விளிம்பு வேண்டுமென்றே சற்று மழுங்கியிருக்கும். ஆழமாக, வேகமாக வெட்டவே அது உருவானது. சிறிய லேத்தில் 0.05 மி.மீ. ஆழம் கொடுத்தால் அது வெட்டாமல் தேய்க்கும். பரப்பு கிழிந்ததுபோல் இருக்கும். கார்பைடுதான் வேண்டுமென்றால் அலுமினியத்துக்கெனக் கூராகத் தீட்டி மெருகேற்றிய டிப்பை, 0.2 மி.மீ. முனை ஆரத்துடன் வாங்குவது நல்லது. எஃகிலும் மெல்லிய வெட்டுக்கு அது உதவும். அதைவிட மேல், ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் பிட்டைச் சாணை பிடித்துக்கொள்வது. 6 அல்லது 8 மி.மீ. சதுரத் துண்டு ஒன்றில் பக்கவாட்டுச் சரிவு 8 முதல் 10 பாகை, மேற்சரிவு 12 முதல் 14 பாகை தீட்டி, முனையை எண்ணெய்க் கல்லில் இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். பாலாநகரில் 1968இல் அமைந்த மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனத்தில் கருவி வடிவமைப்பு ஒரு முழுப் படிப்பு. ஆனால் ஒரு மாலையை ஒதுக்கி இந்த முகங்களைத் தீட்டக் கற்றுக்கொள்பவருக்கு அந்த அறிவின் வேர் கைக்கு வந்துவிடும்.

மென்எஃகுக்கு இந்த டூலின் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர். 20 மி.மீ. கம்பிக்கு 25 மீட்டர் என்று வைத்தால் 400 சுற்று, 100 மி.மீ. வட்டுக்கு 80 சுற்று.

முனையின் உயரம் சுழல் அச்சுக்கு நேராக இருக்க வேண்டும். கம்பிக்கும் முனைக்கும் நடுவே மெல்லிய எஃகு அளவுகோலை நிறுத்தி, டூலை மெதுவாக முட்டவைத்தால் போதும். அளவுகோலின் மேல்பகுதி டூல் பக்கம் சாய்ந்தால் முனை தாழ்ந்திருக்கிறது. கம்பிப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. செங்குத்தாக நின்றால் சரி. ஒரு முகத்தை ஃபேசிங் செய்து பார்த்தாலும் தெரியும்: உயரம் தவறினால் நடுவில் சிறு மொட்டு மிஞ்சும். பட்டறைகளில் பழைய ஹாக்சா பிளேடுத் துண்டுகளை டூலுக்கு அடியில் கொடுத்து உயரத்தைச் சரிசெய்வார்கள். உயரத்தைத் திருகால் மாற்றக்கூடிய டூல் ஹோல்டர்கள் வந்தபின் அந்தப் பொறுமைக்குத் தேவை குறைந்தது.

அடுத்தது சக். 1943இல் தொடங்கிய செகந்திராபாத் பிராகா டூல்ஸின் சக்குகளைப் போன்ற தரமானவையானாலும், மூன்று தாடைச் சக் பிடித்த பொருளை முழு மையத்தில் வைக்காது. சிறிய லேத்துடன் வருபவற்றில் 0.05 முதல் 0.1 மி.மீ. ஆட்டம் சாதாரணம். ஒரே பிடிப்பில் எல்லா விட்டங்களையும் கடைந்துவிட்டால் இந்த ஆட்டம் பிழையே ஆகாது, ஏனெனில் அவை அனைத்தும் ஒரே அச்சைச் சுற்றியே உருவாகின்றன. திருப்பிப் பிடிக்கும்போதுதான் சிக்கல். அதற்கு நான்கு தாடைச் சக்கும் டயல் கேஜும் வேண்டும். எதிரெதிர்த் தாடைகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, முள் அசையாத நிலைக்குக் கொண்டுவந்தால் 0.01 மி.மீ. எட்டக்கூடியதே. புதியவருக்கு இருபது நிமிடம் ஆகும். பழகியபின் இரண்டே நிமிடம்.

இவ்வளவுக்குப் பிறகும் டேப்பர் வருகிறதென்றால் ஹெட்ஸ்டாக்கின் அச்சும் பெட்டும் இணையாக இல்லை. எந்திரங்களின் துல்லியத்தை முறைப்படி சோதிக்கும் வழக்கத்துக்கு 1927இல் ஜெர்மானியப் பொறியாளர் கேயார்க் ஷ்லேசிங்கர் வெளியிட்ட சோதனை நூல் அடித்தளம். வீட்டில் அதன் எளிய வடிவம் இரட்டை வளையச் சோதனை. தடித்த கம்பி ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் இல்லாமல், 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்களை விட்டு, நடுப்பகுதியைச் சற்றுத் தாழ்த்திக் கடைய வேண்டும். பிறகு டூலின் நிலையை மாற்றாமல், மிகக் கூரான முனையால் இரண்டு வளையங்களிலும் மயிரிழை வெட்டு ஒன்று. மைக்ரோமீட்டரில் வெளிவளையம் 0.02 மி.மீ. பெரிதாக இருந்தால், அந்த 100 மி.மீ. தொலைவில் அச்சு 0.01 மி.மீ. விலகியிருக்கிறது. பல சமயம் காரணம் லேத் அல்ல, அது நிற்கும் மேசை. சமமில்லாத பலகையில் போல்ட்டை முடுக்கும்போது பெட்டே முறுக்கிக்கொள்ளும். டெயில்ஸ்டாக் பக்கத்துக் காலுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் செருகி மறுபடி சோதிக்கலாம். எந்தக் காலுக்கு என்பதை அடுத்த வெட்டே சொல்லிவிடும்.

பல சிறிய லேத்துகளின் ஸ்பிண்டிலில் 6206 பால் பேரிங் இருக்கும். 30206 டேப்பர் ரோலர் பேரிங்குக்கு மாற்றினால் விறைப்பு கூடும், அகலம் 1.25 மி.மீ. அதிகம் என்பதால் ஸ்பேசர்களை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். சக்கிலும் டூலிலும் உள்ள குறைகளைத் தீர்க்கும் முன் இதில் இறங்குவது வீண்.

கைப்பிடியிலும் ஒரு நுணுக்கம். திருகுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள வெற்றாட்டத்தால், பின்னால் இழுத்துக் கோட்டில் நிறுத்தினால் அளவு பொய்யாகும். எப்போதும் உள்நோக்கியே வந்து நிறுத்த வேண்டும். நுண்ணிய வெட்டுக்குக் காம்பவுண்ட் ஸ்லைடை லேத் அச்சிலிருந்து 5.74 பாகை திருப்பி வைப்பார்கள். அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு 0.1 என்பதால், கைப்பிடியில் 0.1 மி.மீ. நகர்த்தினால் டூல் உள்ளே போவது 0.01 மி.மீ.தான். திடக் கட்டைக்கு மாறியவர்கள் இந்த வசதியை இழக்கிறார்கள். டயல் கேஜைக் கிராஸ் ஸ்லைடில் பொருத்திக்கொள்வது அதற்கு ஈடு.

கடைசி அளவை எடுக்கும் முன் கம்பி ஆற வேண்டும். அளவைகள் எல்லாம் 20 பாகை செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. ஐதராபாத்தில் மே மாதம் வெயில் 40 பாகையைத் தாண்டும். அந்த வெப்பத்தில் 50 மி.மீ. அலுமினியத் துண்டு 0.023 மி.மீ. நீண்டிருக்கும். எஃகு மைக்ரோமீட்டரும் உடன் நீண்டு அதில் பாதியை மறைத்துவிடும், மீதி 0.011 அல்லது 0.012 மி.மீ. பிழையாகத் தங்கும். எஃகை எஃகால் அளந்தால் இந்தப் பிழை பெரும்பாலும் தானே சமனாகும், இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால். வெட்டிய சூட்டில், மைக்ரோமீட்டரைவிட 30 பாகை கூடுதலாக இருக்கும் 25 மி.மீ. கம்பி 0.009 மி.மீ. பெரிதாகக் காட்டும். அதை நம்பி இன்னொரு வெட்டுப் போட்டால், ஆறியபின் அதன் மேல் ஏற்றும் பேரிங் தளர்வாக நழுவும்.