காரணமின்றி வரும் அச்சம்

அச்சம் உயிர்கட்கெல்லாம் இயல்பாய் அமைந்ததோர் உணர்ச்சி. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அதனையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கென வரையறுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. இந்நான்கும் நமக்குப் புறத்தே நிற்பன. புலியைக் கண்டு நடுங்குவோனை நோக்கி, 'நீ ஏன் நடுங்குகின்றாய்?' என்று வினவுவார் ஒருவருமிலர். ஆயின், இந்நான்கனுள் ஒன்றும் எதிர்ப்படாத பொழுதும், பட்டப்பகலில், பலர் நடுவே, உயிரே பிரிகின்றதோ என்னுமாறு ஒருவரை வந்து பற்றும் அச்சம் ஒன்றுண்டு. மருத்துவர் அதனைப் 'பானிக் அட்டாக்' என்பர். யாம் ஈண்டு அதனைத் 'திடீர்ப் பேரச்சம்' என வழங்குவோம். அதன் குறிகள் யாவை, அஃது எங்ஙனம் எழுகின்றது, எழுந்தவழிச் செய்யத்தக்கன யாவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். யாம் இதனை நூலறிவு ஒன்றையே துணைக்கொண்டு எழுதவில்லை, பட்டறிந்தும் எழுதுகின்றோம்.

யாம் பட்டது

யாம் மாணாக்கராயிருந்த காலத்தும் எம் இல்லம் மேற்கு மாம்பலத்திலேயே இருந்தது. ஐப்பசித் திங்களில், தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, கல்லூரியினின்று மின்சார இரயிலில் வந்து மாம்பலம் நிலையத்தில் இறங்கினோம். நிலையத்தின் கீழ்ப்புறத்தே உள்ள இரங்கநாதன் தெருவில் அந்நாட்களிற் கூடும் மக்கட்பெருக்கைச் சென்னையில் வாழ்வார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்புறம் செல்லக் கருதி நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறினோம். துணிமூட்டைகளுடன் ஒரு கூட்டம் எம்மைச் சூழ்ந்து நகர்ந்தது. அவ்வளவே, வேறொன்றும் நிகழவில்லை.

ஆயினும், நெஞ்சம் பறையறைந்தாற்போல் அடிக்கத் தொடங்கிற்று. எத்துணை மூச்சு வாங்கியும் போதவில்லை. விரல் நுனிகள் மரத்தன, உள்ளங்கை வியர்த்தது, பாலமும் மக்களும் கனவிற் கண்ட காட்சிபோல் எங்கோ விலகி நின்றன. 'இன்னும் சிறிது நேரத்தில் இறந்துபடுவோம்' என்னும் எண்ணம் ஐயமற எழுந்தது. படியோரத்தில் அமர்ந்திருந்த பூக்கார மூதாட்டி ஒருவர் எம்மைக் கையைப் பற்றித் தம் கூடையருகே அமர்த்தித் தண்ணீர் தந்தார். கால்மணி நேரத்தில் யாவும் அடங்கின.

மறுநாள் மருத்துவர் ஒருவர் எம் இருதயத்தை மின்பதிவு கொண்டு ஆராய்ந்து, 'ஒன்றுமில்லை' என்று கூறி அனுப்பினார். அச்சொல் எம் பெற்றோர்க்கு ஆறுதலாயிற்று. எமக்கோ புதியதொரு துன்பமாயிற்று. ஒன்றுமில்லையாயின், அன்று எம்மைப் பற்றியது யாது? அவ்வினாவை யாரிடத்தும் கேட்க எமக்கு நா எழவில்லை. சென்னையில் இளைஞர் ஒருவரையொருவர் ஏளனஞ்செய்யக் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயர் ஒன்றே போதுமன்றோ? 1871-ஆம் ஆண்டு முதல் ஆங்குள்ள அரசினர் மனநல மருத்துவமனை நோயாளர்க்குச் செய்துவரும் தொண்டு பெரிது. அப்பெயரை வசையாக்கிய குற்றம் நம்முடையது. அவ்வசைக்கு அஞ்சியே யாம் வாய்திறவாதிருந்தோம்.

பின்னர் அப்பாலத்தை விடுத்துத் துரைசாமி சுரங்கப்பாதை வழியே சுற்றிச் சென்று பேருந்தேறினோம். சின்னாளிற் பேருந்தின் நெருக்கமும் அச்சந்தந்தது. இறுதியிற் கல்லூரிக்கு வருதலையே விடுத்தோம். வருகைநாள் குறைந்து, தேர்வெழுதும் உரிமையையே இழக்கும் நிலை எய்திற்று. ஒருமுறை கால்மணி நேரம் நின்ற அச்சம் ஓராண்டின் கல்வியை விழுங்க வாய்திறந்து நின்றது.

குறிகள்

நெஞ்சுத் துடிப்பு மிகுதல், வியர்த்தல், நடுங்கல், மூச்சுத்திணறல், தொண்டை அடைத்தல், நெஞ்சுவலி, குமட்டல், தலைசுற்றல், குளிர்தல் அல்லது உடல் காந்தல், கைகால் மரத்தல், தானும் உலகும் மெய்யல்லபோற் தோன்றல், அறிவு தன்வயம் இழந்துவிடுமோ என்னும் அச்சம், இறந்துபடுவோமோ என்னும் அச்சம் எனப் பதின்மூன்று குறிகளை மருத்துவ நூலார் தொகுத்துரைப்பர். இவற்றுள் நான்கேனும் ஒருங்கே எழுந்து, சில நிமிடங்களில் உச்சமுறுவது திடீர்ப் பேரச்சம் எனப்படும். பெரும்பாலும் அரைமணி நேரத்துள் அது தணியும். இருபதை ஒட்டிய பருவத்தில் இது முதன்முதல் தோன்றுதல் மிகுதி. ஆதலின் மாணாக்கர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

உடலில் நிகழ்வது

இடர் வந்துற்றபோது எதிர்த்துப் போராடவோ ஓடித் தப்பவோ உடல் தன்னைத்தானே ஆயத்தஞ்செய்து கொள்ளும் இயல்பைக் கானன் என்னும் அமெரிக்க உடலியலறிஞர் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். சிறுநீரகங்களின்மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரைக் குருதியிற் கலக்கின்றன. கால்களுக்கு மிகுதியாகக் குருதி செல்லும்பொருட்டு இருதயம் விரைந்தடிக்கின்றது, மூச்சு விரைகின்றது, உடல் வெப்பத்தைத் தணிக்க வியர்வை பெருகுகின்றது. புலிக்கு முன் நிற்போர்க்கு இவை யாவும் காவல். புலியில்லாதவிடத்து இவையே புலியாகத் தோன்றுகின்றன. பூனையின் நிழலைக் கண்டு பறையறைந்து ஊரைக் கூட்டும் காவற்காரனை ஒத்தது இந்நிலை. பறையொலி மெய், கள்வன் பொய்.

மூச்சு அளவுக்குமேல் விரைந்தால் குருதியிலுள்ள கரியமிலவாயு குறைகின்றது. அதனால் மூளைக்குச் செல்லும் குழாய்கள் சிறிது சுருங்கத் தலை சுழலும்; விரல்களும் உதடும் மரக்கும். காற்றுப் போதவில்லை என்றெண்ணி இன்னும் விரைந்து மூச்சு வாங்குவோர் அத்துன்பத்தைத் தாமே பெருக்கிக் கொள்கின்றனர். மயங்கி வீழ்வோமோ என்று பலர் அஞ்சுவர். ஆயின் மயக்கம் பெரும்பாலும் குருதியழுத்தம் தாழ்வதால் வருவது. பேரச்சத்திலோ அஃது உயர்ந்து நிற்றலின், மயங்கி வீழ்தல் அரிது.

அச்சத்துக்கு அஞ்சுதல்

1871-ஆம் ஆண்டில் டா காஸ்டா என்னும் அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரிற் பணிபுரிந்த வீரர்களிடை நெஞ்சுவலியும் படபடப்பும் மூச்சுத்திணறலும் கண்டும், அவர்தம் இருதயத்திற் பழுது காணாது வியந்தெழுதினார். போர்க்களத்தில் நின்ற வீரரையும் பற்றியதாயின், இது கோழைமையன்று என்பது தெளிவு. அவ்வாண்டிலேயே பெர்லின் மருத்துவர் வெஸ்ட்பால், நகரத்தின் தெருக்களையும் திறந்த வெளிகளையும் கடக்க அஞ்சிய மூவரைக் குறித்தெழுதி, அந்நோய்க்கு 'அகோராபோபியா' எனப் பெயரிட்டார். அகோரா என்பது கிரேக்க மொழியிற் சந்தைவெளியைக் குறிக்கும். மாம்பலத்துச் சந்தைத் தெருவுக்கு அஞ்சி யாம் வழிமாறிச் சென்றதும் அந்நோயின் தொடக்கமே என்பதைப் பின்னரே அறிந்தோம்.

ஒருமுறை பேரச்சம் உறுதல் பலர்க்கும் நிகழ்வது, அது நோயன்று. 'மீண்டும் வருமோ' என்று ஓயாது அஞ்சி, அது வந்த இடங்களையெல்லாம் விலக்கத் தொடங்குதலே நோய். விலக்கும்தோறும் உடனே ஓர் ஆறுதல் பிறக்கின்றது. அவ்வாறுதலே நம்மை ஏமாற்றுகின்றது. 'விலகினமையாற் பிழைத்தோம்' என்று மனம் கற்றுக்கொள்ள, செல்லத்தக்க இடங்கள் நாளுக்குநாள் சுருங்குகின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழியின் பொருள் இதுவே.

வந்தவழிச் செய்யத்தக்கன

முதலாவது, அதனைப் பெயரிட்டழைத்தல். 'இது பேரச்சம், முன்னும் வந்தது, போயிற்று, இன்றும் போகும்' என்று தமக்குத்தாமே சொல்லிக் கொள்க.

இரண்டாவது, ஓடாதிருத்தல். நிற்குமிடம் இடரற்றதாயின் ஆங்கேயே அமர்க. ஓடினால் அவ்விடமே பகையென மனம் முடிவு செய்துவிடும்.

மூன்றாவது, மூச்சைத் தாழ்த்தல். மூக்கின் வழியே நான்கு எண்ணுமளவு மெல்ல உள்வாங்கி, ஆறு எண்ணுமளவு மெல்ல வெளிவிடுக. பெருமூச்சு வேண்டா. காகிதப்பையினுள் மூச்சுவிடும் பழைய முறையை இக்காலத்து மருத்துவர் கைவிட்டனர். பிற நோயுடையார்க்கு அது தீங்கு பயக்கும்.

நான்காவது, நோக்கைப் புறத்தே செலுத்தல். நிலையத்துப் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். காலடியில் தரையின் திண்மையை உணரலாம். எதிரே நிற்போரை எண்ணலாம்.

ஐந்தாவது, போராடாதிருத்தல். கிளேர் வீக்ஸ் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவ அம்மையார், இளமையில் இந்நெஞ்சுத் துடிப்பால் தாமே வருந்தியவர். அச்சத்தை எதிர்த்து மல்லாடாமல், நீரிற் கிடப்பவன் அலையொடு மிதத்தல்போல அது கடந்துசெல்ல இடங்கொடுத்தலே விடுதலை என்று 1962-இல் வெளியிட்ட தம் நூலில் அறிவுறுத்தினார். கடிகாரத்தை நோக்கியிருப்போர் அலை தானே இறங்குதலைக் காண்பர்.

அருகிருப்போர்க்கும் ஒரு சொல். 'பயந்தாங்கொள்ளி' என்று இகழாதீர், கூட்டங்கூடி நெருக்காதீர். உடனமர்ந்து மெல்லப் பேசுதலே பேருதவி. அம்மூதாட்டியார் எமக்குச் செய்தது அதுவே.

ஓர் எச்சரிக்கை

நெஞ்சுவலியெல்லாம் அச்சமே என்று கொள்ளற்க. முதன்முறை வரும் நெஞ்சுவலியை மருத்துவரிடம் காட்டியே தீர்தல் வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினும், உழைப்பின்போது மிகினும், நடுவயதினர்க்கும் நீரிழிவுடையார்க்கும் வரினும், காலந்தாழ்த்தாது 108-ஐ அழைக்க. தைராய்டுக் கோளாறு, குருதிச்சோகை, ஆஸ்துமா முதலியனவும் இக்குறிகளைக் காட்டுவனவாதலின், அவற்றையும் ஆராய்ந்து நீக்கிய பின்னரே இது பேரச்சமெனத் துணிதல் முறை. தேர்வுக்காலத்தில் உறக்கத்தையும் உணவையும் விடுத்து, காப்பியை மேன்மேலும் அருந்துவோர் நெஞ்சுத் துடிப்பைத் தாமே வரவழைக்கின்றனர். நம் மாம்பலத்தார்க்கு இதனை வற்புறுத்திக் கூறுதல் தகும்.

மீண்ட வழி

எம்மை மீட்டவர் வேறொரு மருத்துவர். அவர் 'ஒன்றுமில்லை' என்னாது, 'உளது இன்னது' என்று மேலே கூறியவற்றை அரைமணி நேரம் விளக்கினார். பின்பு ஓர் ஒழுங்கு வகுத்துத் தந்தார். முதல் வாரம் நாடோறும் பாலத்தின் அடிப்படியில் நின்று, அச்சம் எழுந்து தணியுமளவும் அகலாதிருந்தோம். அடுத்த வாரம் பாலத்தின் நடுவே நின்றோம். பின்பு சைதாப்பேட்டை வரை ஒரு நிலையம் சென்று மீண்டோம். பின்பு கிண்டி வரை. பின்பு கல்லூரி வரை. அச்சம் எம்முடனேயே இரயிலேறிற்று. ஆயின் ஒவ்வொரு நாளும் முந்திய நிலையத்திலேயே இறங்கிக்கொண்டது. அவ்வாண்டுத் தேர்வை எழுதினோம்.

எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் இம்முறையையே இன்றும் மனநல மருத்துவர் முதன்மையாகக் கையாளுகின்றனர். வேண்டுவோர்க்கு மருந்துகளும் உள. அவற்றின் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். மருத்துவர் சொல்லாமல் தொடங்குதலும் இடையில் நிறுத்துதலும் தகா. 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்திய அரசினர் தொடங்கிய 'டெலி மனஸ்' என்னும் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பெறலாம், தமிழிலேயே பேசலாம்.

மாணவ நண்பர்களே! காய்ச்சல் கண்டவன் அதனை மறைப்பதில்லை. வகுப்பில் உம் அருகே அமர்ந்திருந்த ஒருவன் காரணங்கூறாது சின்னாள் வாராதிருப்பின், அவன் இல்லத்துக்குச் சென்று வினவுங்கள். 'எனக்கும் அவ்வாறு நிகழ்ந்ததுண்டு' என்று ஒருவர் சொல்லக் கேட்டிருப்பின், யாம் பாலத்தினடியில் தனித்து நின்ற நாட்கள் குறைந்திருக்கும். யாம் அன்று கேளாத அச்சொல்லை இன்று உமக்குச் சொல்லவே இதனை எழுதினோம். மாம்பலத்து நடைமேம்பாலத்தில் இன்றும் நாடோறும் ஏறி இறங்குகின்றோம்; எப்பொழுதேனும் நெஞ்சு சிறிது விரைந்தடித்தால், படியோரத்தில் நின்று, அது தணிந்தபின் நடக்கின்றோம்.