நூல்கோல்

நூல்கோல் அல்லது நூக்கல் என்பது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காய்கறிப் பயிர் ஆகும். இலங்கையில் இது நோக்கோல் என அழைக்கப்படுகின்றது. இதன் தாவரவியல் பெயர் பிராசிக்கா ஒலரேசியா. இவ்வினத்துள் கொங்கிலோடெசு என்னும் குழுவில் இது வைக்கப்படுகின்றது. முட்டைக்கோசு, பூக்கோசு, புரோக்கோலி, பரட்டைக்கீரை ஆகியவையும் இதே இனத்தைச் சேர்ந்தவை. மனிதர் நெடுங்காலம் தெரிவு செய்து வளர்த்ததன் விளைவாக, முட்டைக்கோசில் மொட்டும், பூக்கோசில் பூங்கொத்தும், நூல்கோலில் தண்டும் பருத்துள்ளன.

பெயர்

தமிழ்ப் பெயரில் உள்ள "நூல்" என்பதற்கும் "கோல்" என்பதற்கும் இக்காயுடன் பொருள் தொடர்பு ஏதும் இல்லை. கிழங்கு, கோசு ஆகிய பொருள்களைத் தரும் இரு சொற்கள் இணைந்த க்னோல்கோல் என்னும் டச்சுச் சொல்லின் திரிபே இது. இந்தியில் இதனைக் காண்ட் கோபி, அதாவது முடிச்சுக் கோசு, என்பர். கன்னடத்தில் நவிலுகோசு என்றும், காஷ்மீரியில் மோஞ்சி என்றும் வழங்கப்படுகின்றது.

தோற்றம்

நூல்கோல் கிழங்கு எனப் பரவலாகக் கருதப்பட்டாலும், உண்மையில் அது தாவரத்தின் தண்டு ஆகும். டர்னிப், முள்ளங்கி போன்றவற்றில் மண்ணுக்குள் இருக்கும் பகுதி பருக்கின்றது. நூல்கோலிலோ மண்ணுக்குச் சற்று மேலே தண்டு உருண்டையாகப் பருக்கின்றது. இலைக்காம்புகள் இவ்வுருண்டையின் மேலிருந்தே தோன்றுகின்றன. உதிர்ந்த இலைகளின் தழும்புகளையும் அதன் மீது காணலாம். வேர், உருண்டைக்குக் கீழே உள்ள மெல்லிய அடித்தண்டிலிருந்து தொடங்குகின்றது. வெளிர்பச்சை, ஊதா ஆகிய நிறங்களில் தோல் அமையும். இரண்டிலும் உட்சதை வெண்மையாகவே இருக்கும்.

இது ஈராண்டுத் தாவரம் ஆகும். முதற் பருவத்தில் தண்டு பருக்கும். பின்னர் போதிய குளிர் கிடைத்தால் நான்கு இதழ்களைக் கொண்ட மஞ்சள் நிறப் பூக்கள் தோன்றும். வெப்பமான சமவெளிகளில் அக்குளிர் கிடைப்பதில்லை. எனவே அங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் பொதுவாக விதை எடுக்க இயலாது. விலைக்கு வாங்கியே விதைக்க வேண்டும். பூக்கும் இடங்களிலும் முட்டைக்கோசு முதலியவற்றுடன் எளிதில் கலப்புறும் என்பதால், விதைப் பயிரைத் தனித்து வளர்ப்பர்.

வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல்

15 முதல் 25 பாகை செல்சியசு வரையான வெப்பநிலை இதற்கு ஏற்றது. தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் ஐப்பசி முதல் தை வரையான குளிர்ந்த பருவமே உகந்தது. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதியிலும் வளர்க்கலாம். வெள்ளை வியன்னா, ஊதா வியன்னா என்பன இந்தியாவில் நன்கு அறியப்பட்ட வகைகள்.

விதையை ஏறத்தாழ 1 செ.மீ ஆழத்தில் நாற்றங்காலில் இட்டால், ஒரு வாரத்துக்குள் முளைக்கும். 3 முதல் 4 வாரங்களில் நாற்றைப் பிடுங்கி, 20 முதல் 25 செ.மீ இடைவெளியில் நட வேண்டும். நெருக்கி நட்டால் தண்டு பருப்பதில்லை. தொட்டியிலும் வளர்க்கலாம். மட்கிய எருவைக் கலந்த, நீர் தேங்காத மண் நல்லது.

உருளைக்கிழங்குக்குச் செய்வது போல் இதற்கு மண் அணைக்கக் கூடாது. உருண்டை வெளியே தெரியும்படி இருப்பதே இயல்பு. இலைகளே அதற்கு உணவு தயாரிப்பதால், கீரைக்காகப் பறிக்கும்போது ஒரு செடியில் ஓரிரு வெளி இலைகளை மட்டும் எடுக்க வேண்டும். மண் ஒரே சீராக ஈரமாக இருத்தல் இன்றியமையாதது. நன்கு காய்ந்த பின் திடீரென மிகுதியாக நீர் பாய்ச்சினால் உருண்டை வெடித்துவிடும்.

அசுவினியும், இலைகளைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவும் முக்கியப் பூச்சிகள். பாத்தியின் ஓரத்தில் கடுகு விதைத்தால், அந்துப்பூச்சி பெரும்பாலும் அதில் முட்டையிடும். அமில மண்ணில் வேர் வீக்க நோய் பரவும். இதைத் தவிர்க்க, கோசு வகைகளை ஒரே பாத்தியில் தொடர்ந்து நடாமல் பயிர் மாற்றுதல் வேண்டும்.

அறுவடை

விதைத்த 50 முதல் 60 நாள்களில், உருண்டை 5 முதல் 8 செ.மீ விட்டத்தை எட்டும்போது அறுவடை செய்யலாம். காய் மேலும் பெரிதாகட்டும் எனக் காத்திருப்பதே வீட்டுத் தோட்டங்களில் பெரிதும் நிகழும் தவறாகும். தண்டு ஆதலால், நாள் செல்லச் செல்ல அதன் திசுக்கள் மரத்தன்மை அடைகின்றன. இம்மாற்றம் அடிப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். அவ்வாறு முற்றிய நாரை எவ்வளவு வேகவைத்தாலும் மென்மையாக்க இயலாது. கோசாக் போன்ற சில பெரிய வகைகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

உருண்டைக்குக் கீழே அறுத்தெடுத்தவுடன் இலைகளை நீக்கிவிட வேண்டும். இல்லையெனில் இலைகள் வழியே நீர் வெளியேறிக் காய் வாடும். குளிர்பதனப் பெட்டியில் காய் இரண்டு, மூன்று வாரங்கள் கெடாமல் இருக்கும்.

உணவுப் பயன்பாடு

தோலை, குறிப்பாக அடிப்பகுதியில், சற்றுத் தடிமனாகச் சீவ வேண்டும். தமிழ்நாட்டில் சாம்பார், கூட்டு, பொரியல், குருமா ஆகியவற்றில் நூல்கோல் சேர்க்கப்படுகின்றது. இலங்கையில் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக ஆக்குவர். ஜெர்மனியில் மெல்லிய துண்டுகளாக்கிப் பச்சையாகவும் உண்பர்.

தமிழ்நாட்டுக் கடைகளில் இலைகளைப் பெரும்பாலும் வெட்டி எறிந்துவிடுகின்றனர். காஷ்மீரிலோ காயையும் இலையையும் ஒன்றாகக் கடுகெண்ணெயில் சமைப்பது அன்றாட உணவாகும். இளம் இலைகளைக் கீரை போலவே பொரியலாகவோ கூட்டாகவோ சமைக்கலாம். வீட்டில் வளர்ப்போருக்கு ஒரே செடியிலிருந்து காயும் கீரையும் கிடைக்கின்றன.

ஊட்டச்சத்து

100 கிராம் பச்சை நூல்கோல் காயில் உள்ள சத்துகளின் தோராயமான அளவு:

ஆற்றல் – 27 கிலோகலோரி
நீர் – 91 கிராம்
மாவுச்சத்து – 6.2 கிராம்
நார்ச்சத்து – 3.6 கிராம்
புரதம் – 1.7 கிராம்
கொழுப்பு – 0.1 கிராம்
உயிர்ச்சத்து சி – 62 மில்லிகிராம்
பொட்டாசியம் – 350 மில்லிகிராம்

உயிர்ச்சத்து சி நீரில் கரைவதுடன் வெப்பத்தாலும் சிதைவடையும். எனவே குறைந்த நீரில் குறுகிய நேரம் வேகவைத்தலும், பிஞ்சுக் காயைப் பச்சையாக உண்ணுதலும் சிறந்தவை.